ஒற்று யார்மேல்?

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். அன்பையும் அறத்தையும் கல்வியையும் நட்பையும் மேடைதோறும் முழங்குவோர் இந்த அதிகாரத்தின் வாயிலில் நிற்பதுகூட இல்லை. ஒற்றன், வேவு, மாறுவேடம் என்றால் ஏதோ நாடகக் கதை என்று எண்ணி நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் மட்டும் இதனைத் தேடிவந்து திறக்கிறார்கள். ஆளவந்தார் எதைச் செய்தாலும் அதற்கொரு பழம்பாட்டைத் துணைக்கு அழைக்கும் கூட்டத்தார் அவர்கள். தொலைபேசி ஒட்டுக் கேட்கப்படுகிறதா? இயக்கத்தாரின் கைப்பேசிக்குள் கள்ள மென்பொருளை ஏவினார்களா? ஊர்வலத்தில் நடந்தோரின் முகமெல்லாம் படம் பிடிக்கப்படுகிறதா? “இதில் என்ன வியப்பு? உளவு இல்லாத அரசு உண்டா? உங்கள் வள்ளுவரே பத்துக் குறள் பாடி வைத்திருக்கிறாரே!” என்று கேட்டுவிட்டு, வாதத்தில் வென்றுவிட்டதாகப் புன்னகை பூக்கிறார்கள்.

அந்தப் புன்னகைக்கு விடை சொல்லவே இக்கட்டுரை. வள்ளுவர் வேவு பார்ப்பதைக் கண்டித்தார் என்று நாம் சாதிக்கப் போவதில்லை. அவர் கண்டிக்கவில்லை; அரசனுக்கு இன்றியமையாதது என்றே சொன்னார். நமக்கு உகந்த கருத்தை நூலுக்குள் திணித்துவிட்டுப் பிறகு அதையே வெளியே எடுத்துக் காட்டுவது உரைகாரர் சிலர் செய்துவந்த வேலை; அதை நாமும் செய்தல் ஆகாது. நாம் கேட்பது ஒன்றே: அந்தப் பத்துக் குறளிலும் ஒற்றன் யார்மேல் ஏவப்படுகிறான்?

584ஆம் குறளைப் பாருங்கள். ஒற்றன் எனப்படுவோன் யாரையெல்லாம் ஆராய வேண்டும் என்று அது வகுத்துரைக்கிறது. முதலில் நிற்பவர் அரசனின் வினையை ஏற்றுச் செய்வோர். அமைச்சர் முதல் கடைசிப் பணியாளர் வரை அதில் அடங்குவர். அடுத்தவர் அரசனின் சொந்தச் சுற்றத்தார். அதன் பின்னரே பகைவர் வருகின்றனர். வரிசையை எண்ணிப் பாருங்கள்! அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்மேல் முதல் ஒற்று. அதிகாரத்தின் நிழலில் வாழ்வோர்மேல் இரண்டாம் ஒற்று. படையோடு வரக்கூடியவன்மேல் மூன்றாம் ஒற்று. ஏர் பிடித்த உழவனும், துணி நெய்த காருகனும், வரி மிகுதி என்று முறையிட வந்த குடிமகனும் அப்பட்டியலில் இல்லை.

“582ஆம் குறள் எல்லார்க்கும் என்கிறதே, அது குடிகளையும் சேர்த்ததுதானே?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பல இடங்களில் வடநூல் வழியே வள்ளுவரை இழுத்துச் செல்லும் பரிமேலழகரே இவ்விடத்தில் நமக்குத் துணை நிற்கிறார். எல்லார் என்பதற்குப் பகைவர், நொதுமலர், நண்பர் என்று முத்திறத்தாரை அவர் கொள்கிறார். நொதுமலர் என்போர் பகையும் நட்பும் அற்ற அயலார். ஓர் அரசன் மற்ற அரசரைப் பகுத்துப் பார்க்கும் சொற்கள் இவை. தன் குடியைப் பகை, நட்பு, அயல் என்று கூறு போடும் வழக்கம் நல்லரசனுக்கு ஏது?

அதிகாரம் அமைந்த இடமும் கவனிக்கத் தக்கது. பரிமேலழகர் கொண்ட வரிசையில் 55 செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை, 57 வெருவந்த செய்யாமை, 58 கண்ணோட்டம். இவை நான்கும் கடந்தே 59 ஒற்றாடல் வருகிறது. கோல் கோடாதவன், குடிகள் அஞ்சி நடுங்குமாறு எதையும் செய்யாதவன், இரக்கம் உடையவன் எவனோ, அவன் கையிலேதான் ஒற்றன் என்னும் கருவி கொடுக்கப்படுகிறது. ஆளவந்தாரின் அன்பர்கள் ஐந்தாம் படியில் நின்றுகொண்டு, முதல் நான்கு படிகளையும் பார்க்க மறுக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. ஒற்றன் சொன்னதை அப்படியே நம்புவதற்கு வள்ளுவர் இசையவில்லை. ஒருவன் கொணர்ந்த செய்தியை இன்னொருவனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் கூற்றும் ஒத்திருந்தால்தான் தெளியலாம் என்கிறார். ஒற்றனின் வாயிலிருந்து வருவது செய்தி மட்டுமே, தீர்ப்பன்று என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு சொல்வது?

இதனோடு கௌடில்யரின் அர்த்தசாத்திரத்தை வைத்துப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். துறவி, இல்லறத்தான், வணிகன், மாணவன் என்று வேடம் பூண்ட ஒற்றர்களை அந்நூல் நாடெங்கும் பரப்புகிறது. மக்கள் திரளும் புண்ணியத் துறைகளிலும் அவைகளிலும் ஒற்றர் இருவர் ஒருவரோடொருவர் வாதிடுவதுபோல நடிக்க வேண்டும். அரசனை ஒருவன் பழிக்க வேண்டும், மற்றவன் புகழ வேண்டும். சூழ நின்றோரின் மனக்குறையை அவ்வாறு அறிந்துகொள்ள வேண்டும் என்று அது பாடம் சொல்கிறது. கருவூலம் வற்றினால் தெய்வ அற்புதங்களை ஒற்றரைக் கொண்டு நிகழ்த்திப் பொருள் திரட்டவும் வழி காட்டுகிறது! கூட்டத்துக்குள் புகுந்து கலகப் பேச்சைக் கிளப்பிவிட்டு, யார் தலையசைத்தார் என்று குறித்துக்கொள்ளும் இன்றைய உத்திக்கு மூலநூல் வேண்டுவோர் அங்கே போகட்டும். வள்ளுவரிடமும் துறவி வேடம் உண்டு, மறுக்கவில்லை. குடிகளைத் தூண்டிவிட்டுப் பிடிக்கும் பொறி அவரிடம் இல்லை.

ஒற்று என்னும் ஐயம் ஓர் அரசனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குப் புறநானூற்றின் 47ஆம் பாட்டு சான்று. சோழர் இருவர், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், பகைத்து நின்ற காலம். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றனாக வந்தான் என்று கருதிக் கொல்ல முனைந்தான் நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் குறுக்கே நின்றார். பரிசில் தேடி ஊர் ஊராய்ப் போகும் புலவர் வாழ்வு யாருக்கேனும் தீங்கு செய்தது உண்டா என்று பாடி அவன் உயிரை மீட்டார். பாட்டின் அடிக்குறிப்பு இவ்வளவைச் சொல்கிறது. ஆனால் இளந்தத்தனைக் காட்டிக்கொடுத்தவன் யார், எதைக் கண்டு ஒற்றன் என்றான், அவன் கூற்றைச் சரிபார்த்தவர் எவர் என்பதற்கு அங்கே விடையில்லை. கொல்ல ஓங்கிய கை மட்டும் நமக்குத் தெரிகிறது. இளந்தத்தனுக்கு ஒரு கோவூர்கிழார் வாய்த்தார். வாய்க்காதவர் எத்தனை பேரோ!

முடியரசு போயிற்று. ஆனால் ஒற்று போகவில்லை, திசை மாறியது. வெள்ளையர் ஆட்சியில் உளவுத்துறை 1887இல் தோன்றிற்று. அத்துறைக்கு இன்றுவரை, அதனைத் தோற்றுவித்து அதன் அதிகாரத்தையும் எல்லையையும் வரையறுக்கும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. சாலையோரத்தில் கடை வைக்கவும் உரிமம் கேட்கும் நாட்டில் இப்படி ஓர் அதிசயம்! பாரதியார் 1908இல் புதுச்சேரிக்குச் சென்றபோது, பிரெஞ்சு எல்லைக்குள்ளும் ஆங்கில அரசின் ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்கள். பிற்காலத்தில் பெரியாரும் அண்ணாவும் பேசிய மேடைகளின் ஓரத்தில் போலீசாரின் சுருக்கெழுத்தாளர் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டனர். (எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசின் மறைக்கோப்புகளைப் புரட்டுகிற ஆராய்ச்சியாளர்கள் இன்று அவற்றிலிருந்துதான் இயக்க வரலாற்றின் பல பக்கங்களை எழுதுகிறார்கள். எதிரி எழுதிய நாட்குறிப்பு நமக்கு வரலாறாயிற்று. அதற்காக எதிரிக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.)

விடுதலை வந்தது, அரசியல் சட்டம் வந்தது. குடிமகனின் வீட்டுக் கதவு பத்திரமாயிற்றா? இதற்கு விடை சொல்லும் வழக்கு கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் 1941ஆம் ஆண்டுக் கொள்ளை வழக்கொன்றில் கைதாகி, சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டவர் அவர். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, ஆயினும் போலீசார் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு ஒன்றைத் திறந்தனர். வீட்டை மறைந்திருந்து நோக்குதல், நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்புதல், பழக்கம், வருமானம், நட்பு எல்லாவற்றையும் விசாரித்தல், வெளியூர் போனால் பின்னாலேயே செய்தி அனுப்புதல் என்று போலீஸ் ஒழுங்குவிதிகள் இதற்கெல்லாம் இடம் தந்தன. அவர் உச்சநீதிமன்றம் சென்றார். ஆறு நீதிபதிகள் 1962 டிசம்பர் 18இல் தீர்ப்புரைத்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் இராசகோபால அய்யங்கார். இரவில் கதவைத் தட்டுவது மட்டும் செல்லாது, மற்றவை செல்லும். தனியுரிமை என்பது நம் அரசியல் சட்டம் உறுதி தந்த உரிமையன்று என்றார். மாறுபட்டவர் சுப்பாராவ், அவரோடு ஷா இசைந்தார். எங்கும் எப்போதும் கண்கள் தொடரும் மனிதன் சாலையில் தடையின்றி நடக்கலாம், ஆனால் அவன் விடுதலை பெற்றவன் அல்லன். உள்ளத்தில் விலங்கு பூட்டும் அவ்விதி முழுவதும் செல்லாது என்பது சுப்பாராவ் கண்ட முடிவின் சாரம். அய்யங்காரும் சுப்பாராவும் இருவருமே முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதிகள். ஒரே மன்றத்தில் இருந்து சென்ற இருவர் ஒரே விதியைப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கதவு தெரிந்தது, ஒருவருக்குக் கதவுக்குப் பின்னால் இருந்த மனிதன் தெரிந்தான்.

சுப்பாராவின் கருத்து வெல்வதற்கு ஏறத்தாழ 55 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். அப்படியோர் அடிப்படை உரிமை இல்லையென்று அம்மன்றத்தில் வாதிட்டது வேறு யாரும் அல்ல, மக்கள் வாக்கில் அமர்ந்த ஒன்றிய அரசு! அரசு ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டம் இருத்தல் வேண்டும், நேரிய நோக்கம் இருத்தல் வேண்டும், நோக்கத்தை மிஞ்சாத அளவும் இருத்தல் வேண்டும் என்று வரம்பு கட்டப்பட்டது.

நம்மவரையும் கேட்காமல் விடுவதற்கில்லை. 1954இல் சென்னை அரசு ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே அது வந்தது என்பதை நாடறியும். நாடகத்தின் எழுத்துப்படி போலீசாரின் கையில் போய், அவர் கண் பட்டபின்னரே மேடைக்கு வர வேண்டும் என்னும் நிலை அதனால் நிலைபெற்றது. 1967இல் கழகம் ஆட்சிக்கு வந்தது. மேடையாலும் நாடகத்தாலும் வளர்ந்த இயக்கம் அச்சட்டத்தை அன்றே கிழித்தெறிந்திருக்க வேண்டாமா? கிழிக்கவில்லை. ஆட்சிகள் மாறி மாறி வந்தும் அது கிடந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லா என்றது. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது கசக்கும் கருவி, ஆளும் வரிசைக்குப் போனதும் கைக்கு இதமாகிவிடுகிறது. கியூ பிரிவும் தனிப்பிரிவும் எந்த வண்ணக் கொடியின் கீழும் ஓய்ந்ததில்லை.

இதெல்லாம் டெல்லிக்கும் சென்னைக்கும் உரிய பேச்சு, நமக்கென்ன என்பார் உண்டு. நாம் வாழும் ஆரணி, பட்டுத்தறி ஊர். கூலி உயர்வு கேட்டு நெசவாளர் பத்துப்பேர் கூடட்டும். குடிநீர் வரவில்லையென்று தெருப்பெண்கள் நிற்கட்டும். ஓரத்தில் சாதாரண உடையில் ஒருவர் நிற்பார். ஊரறிந்த ஒற்றர்! அவருக்குத் தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்பது கடைக்காரருக்குக்கூடத் தெரியும். முன்பு குறிப்பேடு வைத்திருந்தார். இப்போது கைப்பேசியை உயர்த்தி, முகம் முகமாகப் படம் எடுக்கிறார். அவர்மேல் நமக்குப் பகையில்லை. அவரும் சம்பளத்துக்கு நிற்பவரே. ஆனால் அடுத்த கூட்டத்தில் ஆள் குறைகிறது. எந்த ஆணையும் பிறக்கவில்லை, எவரும் கைதாகவில்லை, கூட்டம் மட்டும் மெலிந்துபோகிறது.

ஏன் மெலிகிறது என்பது ஆசிரியர்க்குத் தெரியும். நம் வகுப்பில் அமர்ந்திருப்போரில் தறிவீட்டுப் பிள்ளைகள் பலர். அரசு வேலை ஒன்றே தறிக்குழியிலிருந்து ஏறிவரும் படி என்று சொல்லி வளர்க்கப்படுகிறவர்கள். அவ்வேலைக்குத் தேர்வானால் காவல்நிலையத்தின் நன்னடத்தைச் சரிபார்ப்பு உண்டு. “போராட்டத்துக்குப் போகாதே தம்பி, பேர் ஏறிவிடும்” என்று தாயார் சொல்லும் சொல் இப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். குடியுரிமைப் பாடத்தில் கூடும் உரிமை, பேசும் உரிமை என்று கரும்பலகையில் எழுதுகிறோம். பிள்ளைகள் பணிவோடு எழுதிக்கொள்கிறார்கள். தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். வீட்டில் கற்ற பாடம் எதுவோ அதன்படி நடக்கிறார்கள்.

தாயாரின் அச்சம் வெறும் அச்சம் அன்று என்பதற்கு ஓர் ஆசிரியரின் வழக்கே சான்று. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சிப் பள்ளியொன்றை அரசு ஏற்றுக்கொண்டபோது அங்கிருந்த ஆசிரியர் ஒருவரும் அரசுப் பணியாளர் ஆனார். பின்னர் அவரைப்பற்றிப் போலீஸ் அறிக்கை வந்தது. ஆர். எஸ். எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் முன்பு பங்கேற்றவர் என்பது அதன் செய்தி. வேலை போயிற்று. 1983 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் சின்னப்ப ரெட்டி அவ்வழக்கில் எழுதிய தீர்ப்பை ஆசிரியர் ஒவ்வொருவரும் படித்தல் வேண்டும். சட்டத்துக்குட்பட்ட அரசியலில் ஒருவர் முன்பு ஈடுபட்டார் என்பதற்காக அரசுப் பணியை மறுப்பது அரசியல் சட்டத்துக்கே இழுக்கு. இளைஞரை அரசியலுக்கு வருமாறு தலைவர்கள் அழைக்கும் நாட்டில், வந்தவருக்குப் பின்னர்க் கதவை அடைப்பதா என்பது அவர் கேள்வியின் பொருள். அந்த ஆசிரியர் கொண்ட கருத்தும் நாம் கொண்ட கருத்தும் இரு துருவங்கள். அவர் கொள்கையை இவ்விதழின் ஒவ்வொரு பக்கமும் எதிர்க்கும். ஆயினும் அவர் வேலையைப் பறித்த போலீஸ் அறிக்கையையும் நாம் எதிர்த்தே ஆகவேண்டும். இன்று அவர் பெயர் ஏறிய ஏட்டில் நாளை கறுப்புச் சட்டைக்காரன் பெயர் ஏற எத்தனை நேரம் ஆகும்?

ஏறத்தான் செய்தது. 2021 சூலையில் உலக இதழாளர் பலர் சேர்ந்து ஒரு பட்டியலைப் பற்றிய செய்திகளை வெளியிட்டனர். இஸ்ரேல் நிறுவனமொன்று, அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்லும் பெகாசஸ் என்னும் மென்பொருளுக்கு இலக்காகக் கருதப்பட்டிருக்கக்கூடிய எண்கள் அவை. மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தி, தந்தை பெரியார் திராவிடர் கழகத்தின் கு. இராமகிருட்டிணன், நாம் தமிழர் கட்சியின் சீமான் ஆகியோரின் எண்கள் அதில் இருந்ததாகச் செய்தி வந்தது. எண் இருந்ததாலேயே கைப்பேசி ஊடுருவப்பட்டது என்று பொருளாகாது; அதை ஆராயவே உச்சநீதிமன்றம் 2021 அக்டோபரில் குழு அமைத்தது. 29 கைப்பேசிகளை ஆராய்ந்ததில் 5இல் ஏதோவொரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ் என்று உறுதியாகவில்லை என்று குழு கூறிற்று. அரசு ஒத்துழைக்கவில்லை என்பதும் 2022 ஆகஸ்டில் மன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியதா இல்லையா என்று சொல்லவும் நாட்டுப் பாதுகாப்பைக் காட்டி ஒன்றிய அரசு மறுத்திருந்தது.

மூவர் ஒத்தால் தெளிக என்ற வள்ளுவர் விதியை இங்கே வைத்துப் பார்ப்போம். ஒட்டுக்கேட்பைப் பற்றி 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சில கட்டுப்பாடுகளை விதித்தது. உள்துறைச் செயலாளர் ஆணையிட வேண்டும். ஆணைக்குக் காலவரம்பு இருக்க வேண்டும். மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். நன்று. குழுவில் இருப்போர் யார்? அவர்களும் அரசின் செயலாளர்களே! ஒருவரை ஒருவர் அறியாத மூவர் அல்லர். ஒரே கூரையின் கீழ் நாள்தோறும் சந்திக்கும் மூவர். நீதிபதி ஒருவரும் இல்லை. அந்த மூவரும்தான் பார்க்கிறார்களா? நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அக்குழுவின் முன் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வரை வருகின்றன என்று எழுதிற்று. நாம் ஒரு நாளில் 40 விடைத்தாள் திருத்தினாலே கடைசித் தாள்களில் கண் மங்குகிறது! 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது, 2024 டிசம்பரில் ஒட்டுக்கேட்புக்குப் புதிய விதிகள் வந்தன. நாற்காலிகள் மட்டும் செயலாளர்களிடமே இருக்கின்றன.

சென்னை உயர்நீதிமன்றம் 2025 சூலை 2இல் ஒரு நல்ல தீர்ப்பை அளித்தது. பொதுமக்கள் நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஊறோ இல்லாதபோது, மறைவாக நடக்கும் குற்றத்தைக் கண்டுபிடிக்க என்று சொல்லிக்கூடத் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கூறி, 2011ஆம் ஆண்டு ஆணையொன்றை நீக்கினார். ஒட்டுக்கேட்ட செய்திகள் மறுஆய்வுக் குழுவின் முன் உரிய காலத்தில் வைக்கப்படவும் இல்லை என்பது அவ்வழக்கில் வெளிப்பட்டது. 2011இல் கேட்ட காதுக்கு 2025இல் தீர்ப்பு!

“மறைக்க ஏதும் இல்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?” இது அவர்களின் கடைசி அம்பு. வாக்குச்சாவடியில் மறைப்பு எதற்கு? வாக்களிப்பவன் கள்வன் என்பதாலா? ஆரணியில் புதிய கரைக்கும் முந்திக்கும் வரைபடம் போட்டு ஜக்கார்டு அட்டை அடித்தவர், சேலை கடைக்கு வரும்வரை அதைப் பிறர் கண்ணில் காட்டுவதில்லை. அவரைக் குற்றவாளி என்று எவரும் சொல்வதில்லை. முதிராத கருத்தும், முடிவாகாத போராட்டமும், சங்கத்துக்குள் நடக்கும் வாதமும் தறியில் இருக்கும் சேலையைப் போன்றவையே. குண்டு வைப்பவனை வேவு பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1998 பிப்ரவரியில் கோவையில் நடந்ததை மறந்தவர் அல்லோம். குண்டு வைப்பவனையும் கூலி கேட்பவனையும் ஒரே ஏட்டில் எழுதாதே என்கிறோம். எழுதிய ஏட்டைக் காக்கவாவது தெரிகிறதா? 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் அயலார் புகுந்தனர் என்ற செய்தியைப் படித்தோம்.

அமெரிக்காவிலும் இந்நோய் இருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கை ஒட்டுக்கேட்ட அந்நாட்டுப் புலனாய்வுத்துறை, 1964இல் அவர் உள்ளத்தை உடைக்கப் பெயரில்லாக் கடிதம் எழுதும் அளவுக்குத் தாழ்ந்தது. பின்னர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் மேலவைக் குழு 1975இல் விசாரித்து எல்லாவற்றையும் ஊரறியச் செய்தது. கிழக்கு ஜெர்மனி மறைந்தபின், 1992 முதல் குடிமக்கள் தங்களைப் பற்றிய கோப்பைத் தாங்களே கேட்டுப் படிக்க வழி பிறந்தது. நம் நாட்டில் தன் பெயரில் ஏடு இருக்கிறதா என்று கேட்டறியவும் எளிய வழி இல்லை.

மீண்டும் 584ஆம் குறளுக்கு வருவோம். அரசனிடத்தில் இன்று இருப்பவர் யார்? ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டால் ஆட்சியை அமர்த்தும் குடிமகன். வினை செய்வார் யார்? அமைச்சரும் செயலாளரும் கண்காணிப்பாளரும். எனவே இன்று ஒற்றாடல் என்னும் அதிகாரத்துக்கு உரியவர் குடிமக்கள். ஆராயப்பட வேண்டியவர் அலுவலர். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதையே பத்து ரூபாய்க் கட்டணத்தில் செய்ய வழி தந்தது. நடந்தது என்ன? 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. பெயர் இனிக்கிறது. அரசு தான் விரும்பிய துறைகளை அச்சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் திருத்தி, பொதுநலன் கருதித் தனிநபர் தகவலைத் தரலாம் என்று அவ்விடத்தில் இருந்த வாசகத்தை அகற்றியது. குடிமகனுக்கென்று நெய்த திரையை அலுவலர் எடுத்துப் போர்த்திக்கொண்டார். குடிமகன் கண்ணாடி வீட்டில் நிற்கிறான். 584ஆம் குறளைத் தலைகீழாக எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது இந்த ஏற்பாடு. இதற்கு வள்ளுவரைச் சாட்சிக்கு அழைப்பதா!

2011இல் மனீஷ் திவாரி, உளவு அமைப்புகளுக்குச் சட்ட வரம்பு கட்டும் தனிநபர் மசோதா ஒன்றை மக்களவையில் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் செல்லும் 39 பேரில் எவரேனும் அதனை மீண்டும் கையில் எடுக்கலாம். டெல்லியை எதிர்பார்க்காமல் சென்னையே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. மாநிலத்தில் ஒட்டுக்கேட்பு ஆணை பிறப்பிப்பவர் மாநில உள்துறைச் செயலாளர். மறுஆய்வு செய்வோர் தலைமைச் செயலாளரும் பிற செயலாளர்களும். ஓர் ஆண்டில் எத்தனை ஆணைகள் பிறந்தன, எத்தனை நீக்கப்பட்டன, குழு எத்தனை முறை கூடிற்று என்னும் மூன்று எண்களைச் சட்டமன்றத்தில் வைப்பதால் எந்தக் குற்றவாளியும் தப்பிவிட மாட்டான். காவல்துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் அவைக்கு வருகிறது. அடுத்த முறை வரும்போது நம் தொகுதி உறுப்பினர் எழுந்து அந்த மூன்று எண்களைக் கேட்க வேண்டும் என்று ஆரணி வாசகர்கள் அவருக்கு அஞ்சலட்டை எழுதலாம். மூடிய உறை வேண்டாம், யார் பிரித்தாலும் படிக்கும்படி திறந்த அட்டையிலேயே எழுதலாம்.